வெள்ளிக்கிழமை எங்கே போகிறது

மார்ச் 3, செவ்வாய்

லேபில் இன்று பல் செட் வேலை கழுத்துவரை. அதில் ஒன்று ஒரு தலைமை ஆசிரியருக்காம். ஆண்டு விழாவில் பேச வேண்டுமாம். பல் இல்லாமல் பேசினால் பிள்ளைகள் சிரிக்கும் என்று டாக்டர் நாலு தடவை போன் செய்துவிட்டார். மெழுகில் பல்லைப் பதித்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்து நின்றாள். வெளிநாட்டில் இருக்கும் தன் மகளைப் பார்க்கப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் மகள் இருப்பதும் என் வீட்டுக்காரர் வேலை பார்ப்பதும் ஒரே ஊரில்தான். அங்கே துறைமுகத்தில் இவர் கிரேன் ஓட்டுகிறார்.

"அண்ணனை ஒரு நாள்தான் பார்க்க முடிஞ்சுது அண்ணி. உம்முனு உக்காந்திருந்துச்சு. லீவுக்கு வர்றேன்னு மட்டும் சொல்லுச்சு" என்றாள். பிறகு பயணக் கதை. "வியாழக்கிழமை சாயங்காலம் பிளேன் ஏறினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம்ம வீட்டு பாத்ரூம்ல குளிச்சேன். நடுவுல ஒரு ஏர்போர்ட்ல உக்கார வச்சாங்க, அவ்வளவுதான்."

"அவர் வர ரெண்டு நாள் ஆகுமே" என்றேன்.

"ஏன், அண்ணன் என்ன மாட்டுவண்டியிலயா வருது?"

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நானும் சிரித்தேன். அப்புறம் ஒரு முன்பல்லைத் தலைகீழாகப் பதித்து வைத்திருந்ததைப் பார்த்தேன்.

எட்டு வருஷமாக ஒரே மாதிரிதான். வியாழன் சாயங்காலம் ஏறுவார், சனிக்கிழமை மத்தியானம் வாசலில் நிற்பார். ரெண்டு நாள் பயணம் என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அவர் எப்போதாவது அப்படிச் சொன்னாரா? ஞாபகம் இல்லை.

மார்ச் 4, புதன்

நேரக் கணக்குதான் காரணமாக இருக்கும். அங்கே கடிகாரம் நமக்கு ஐந்து மணி நேரம் பின்னால். நாங்கள் படுக்கப் போகும்போது அங்கே சாயங்காலம். அப்படியென்றால் வரும்போது ஐந்து மணி நேரம் தொலைந்து போகிறது. சரி, தொலைந்தது ஐந்து மணி நேரம்தானே. ஒரு முழு நாள் எப்படித் தொலையும்?

கூட்ட வேண்டிய இடத்தில் கழிக்கிறேனா? விரல் விட்டு எண்ணினேன். ஒரு தடவை வெள்ளி மத்தியானம் வந்தது. இன்னொரு தடவை எண்ணியபோது வியாழன் காலை என்று வந்தது. ஏறுவதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டார்.

மகளைக் கேட்டிருக்கலாம். காலேஜில் படிப்பவள், ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். ஆனால் "ஏன்மா கேக்கறே?" என்று அடுத்த கேள்வி வருமே.

மார்ச் 6, வெள்ளி

லேபிலிருந்து திரும்பும் வழியில் டிக்கெட் போடும் கடைக்குள் நுழைந்தேன். நானே ஒரு தடவை போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அங்கே இருந்த பெண் பொறுமையானவள். திரையை என் பக்கம் திருப்பினாள்.

"நேர்க்கோடு போட்டா ஏழாயிரம் கிலோமீட்டர் சொச்சம்கா. ஆனா நேரா எந்த பிளேனும் போறதில்ல. நடுவுல ஒரு இடத்துல மாறணும்."

"அங்கே வியாழன் சாயங்காலம் ஏறினா இங்கே எப்போ?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி. காத்திருக்கறது எல்லாம் சேர்த்துத்தான்."

"அங்கத்திய ரெண்டு மணியா, இங்கத்திய ரெண்டு மணியா?"

"இங்கத்திய மணிதான்கா. கடிகாரக் கணக்கை நீங்க போடாதீங்க, குழம்பிடுவீங்க. நடுவுல எத்தனை தடவை பசிக்கும்னு பாருங்க. ரெண்டு சாப்பாடு, ஒரு டிபன். அவ்வளவுதான் தூரம்."

"வேற வழியா சுத்தி வந்தா?"

"சுத்தலாம்கா. ஆனா எதுக்குச் சுத்தணும்?"

அதைத்தானே நானும் கேட்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

அவர் போன் செய்தார். 19ஆம் தேதி ஏறுகிறாராம். சோப்பு, சாக்லேட், மகளுக்கு ஷூ, வேறு என்ன வேண்டும் என்றார். ஒன்றும் வேண்டாம் என்றேன். பிறகு, வாய் தவறி வந்துவிட்டது — "வெள்ளிக்கிழமை எங்கே இருப்பீங்க?"

போனில் கடல் காற்றுதான் இரைந்தது.

"வழியிலதான்" என்றார்.

அவர் எப்போதும் இப்படித்தான், இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. நாள் முழுக்க அந்தக் கிரேன் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பவர். கீழே இருந்து வாக்கிடாக்கியில் "தூக்கு", "இறக்கு", "நிறுத்து" என்பார்கள். பேச்சு அவ்வளவுதான். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை வரும். அந்த ஒரு வார்த்தையும் இன்று ஏன் தாமதமாக வந்தது?

மார்ச் 11, புதன்

ஒரு பெண் இருக்கிறாள் என்றால் எவ்வளவு சுலபம். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. சண்டை போடலாம், அழலாம், நாத்தனாரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கலாம்.

ஆனால் இவரா? கடையில் சில்லறை திருப்பி வாங்கவே கூச்சப்படுகிறவர். இவருக்கு ஒரு பெண் எப்படிக் கிடைத்திருப்பாள்? அவளாவது என்ன பேசியிருப்பாள் இவரோடு?

இப்படியெல்லாம் நினைக்கிறேனே, எனக்கு என்ன ஆகிவிட்டது?

மார்ச் 19, வியாழன்

"கிளம்பிட்டேன்" என்று செய்தி வந்தது. நாளைக்கு லேபுக்கு லீவு சொல்லிவிட்டேன். பல் வலி என்று சொன்னேன். பல் லேபில் வேலை செய்கிறவளுக்குப் பல் வலி. ஒருவரும் சிரிக்கவில்லை, நல்லவேளை.

மார்ச் 20, வெள்ளி

எப்படி எழுதுவது? வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

ஒன்றரை மணிக்கெல்லாம் ஏர்போர்ட் போய்விட்டேன். பயணிகள் வெளியே வரும் கண்ணாடிக் கதவுக்கு எதிரே ஒரு தூண். அதன் பின்னால் நின்றேன். விமானம் சரியான நேரத்துக்கு வந்ததாக அறிவித்தார்கள். அவர் வரமாட்டார், நான் ஒரு பைத்தியம், நேராக வீட்டுக்குப் போய்த் தரையைத் துடைக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே வந்தார். அதே நீலப் பை. தலையில் நரை கூடியிருந்தது. ஓடிப் போய்க் கையைப் பிடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது முதலில். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

டாக்சிக்காரர்கள் சூழ்ந்தார்கள். தலையை ஆட்டி எல்லோரையும் விலக்கினார். ரோட்டைக் கடந்தார். ஏர்போர்ட்டுக்கு எதிரே லாட்ஜுகள் வரிசையாக இருக்கும் தெருவில், வழி தெரிந்தவர் நடக்கிற நடையில், மூன்றாவது கட்டடத்துக்குள் போனார். முதல் மாடியில் தெருவைப் பார்த்த வராண்டா. கடைசிக் கதவைத் திறந்து உள்ளே போவது கீழிருந்தே தெரிந்தது.

அங்கே ஒரு ஜூஸ் கடை. வாங்கினேன், குடித்தேன். என்ன ஜூஸ் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்புறம் மாடிப்படி ஏறினேன். கீழே இருந்தவர் போனில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார், என்னைக் கவனிக்கவில்லை.

கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே பெண் குரல். ஒன்றல்ல, ரெண்டு மூன்று. சிரிப்புச் சத்தம். அதற்கு மேலே அவர் குரல். அவ்வளவு மென்மையாக, அவ்வளவு தெளிவாக:

"என்ன இப்படி இளைச்சுட்டே? சாப்பிடறியா இல்லையா?"

கொஞ்சம் இடைவெளி. பிறகு —

"ஏய், அப்பாவைவிட உயரமாயிட்டே போலிருக்கே."

அப்பா.

படி இறங்கியது ஞாபகம் இல்லை. பஸ்ஸில் வந்தேனா, ஆட்டோவா? பையில் பஸ் டிக்கெட் இருக்கிறது, அதனால் பஸ்தான். எட்டு வருஷமாக எங்கள் ஊரிலேயே, ஒரு மணி நேர தூரத்தில், இன்னொரு மனைவி, இன்னொரு பிள்ளை. அவர்களுக்கு வெள்ளிக்கிழமை. எனக்குச் சனிக்கிழமை. அப்புறம் எதற்கு லாட்ஜ்? அவர்களுக்கு வீடு கிடையாதா?

மகள் கேட்டாள், "ஏம்மா ஒரு மாதிரி இருக்கே?" பல் வலி என்றேன்.

மார்ச் 21, சனி

மத்தியானம் வந்தார். மகள்தான் ஓடிக் கதவைத் திறந்தாள். நான் சமையலறையில் நின்றேன். மனதில் ஒரு பெரிய பேச்சே தயார் செய்து வைத்திருந்தேன். பையை இறக்கிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"என்ன இப்படி இளைச்சுட்டே? சாப்பிடறியா இல்லையா?"

அதே குரல். அதே மென்மை. பிறகு அதே அளவு இடைவெளி விட்டு, மகள் பக்கம் திரும்பி —

"ஏய், அப்பாவைவிட உயரமாயிட்டே போலிருக்கே."

கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்துக் கழுவி வைத்தார்.

"ஃப்ளைட் எப்படி இருந்துச்சுப்பா?" என்றாள் மகள்.

"லேட்டு" என்றார்.

நான் இளைக்கவே இல்லை. போன வருஷத்தைவிட எடை கூடியிருக்கிறேன். பார்த்துச் சொன்னாரா, பார்க்காமலே சொன்னாரா?

மார்ச் 22, ஞாயிறு

ரெண்டு வீட்டுக்கும் ஒரே வசனமா? அப்படி ஒரு மனிதர் இருப்பாரா?

மார்ச் 24, செவ்வாய்

வேலைக்குப் போகிற மாதிரி கிளம்பி லாட்ஜுக்குப் போனேன். கீழே அதே ஆள். வெள்ளிக்கிழமை கடைசி அறையில் தங்கியவரின் தங்கச்சி நான், அவர் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டாராம் என்றேன். இப்போதெல்லாம் பொய் எனக்கு நன்றாகவே வருகிறது.

"கிரேன்காரரா? கண்ணாடி எதுவும் கிடைக்கலையேம்மா" என்றார். "வருஷா வருஷம் வருவாரு. அந்த ரூம்தான் வேணும்பாரு. தங்கமான மனுஷன்."

"கூட யாராவது…?"

"ஒரு ஈ காக்கா வராது. டிவியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு. டீ கொண்டு போனாக்கூட வாசல்லயே வச்சிட்டுப் போகச் சொல்வாரு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "தனியாப் பேசிக்குவாரும்மா. தப்பா நினைச்சுக்காதீங்க. பசங்க சொல்வாங்க. உங்க அண்ணனுக்கு உடம்புக்கு எதுவும் இல்லையே?" என்றார்.

இல்லை என்றேன். வெளியே வந்து அந்த ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். நிம்மதியாக இருக்க வேண்டும்தானே? பெண் இல்லை, பிள்ளை இல்லை. டிவிதான் சிரித்திருக்கிறது.

நிம்மதி வரவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் மொட்டை மாடியில் துணி காயப் போட உதவி செய்துகொண்டிருந்தார். போர்வையின் அந்த முனை அவர் கையில், இந்த முனை என் கையில். முகம் தெரியாததால்தான் கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

"வெள்ளிக்கிழமை லாட்ஜ் வாசல்ல நின்னேன். எல்லாம் கேட்டுச்சு."

போர்வை அசையவில்லை. "என்னன்னு நினைச்சே?" என்றார்.

"என்னென்னவோ."

பிழிந்து மடித்துக் கொடியில் போட்டார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு பேசினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசிக் கேட்டதில்லை. முடிந்தவரை அவர் சொன்னபடியே எழுதி வைக்கிறேன்.

"பத்து வருஷத்துக்கு முன்னால, போன புதுசுல, முதல் ரெண்டு தடவை நேராத்தான் வீட்டுக்கு வந்தேன். ரெண்டாவது தடவை வந்தப்போ நம்ம குட்டி ஓடி வந்து மேல ஏறி, நிறுத்தாம பேசினா. பள்ளிக்கூடம், டீச்சர், அது இதுன்னு. நீ ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு பக்கம். எனக்கு ஒண்ணுமே விளங்கல. காதைப் பொத்திக்கிட்டேன். 'நிறுத்து'ன்னு கத்திட்டேன். கீழே ஆளுங்க வாக்கிடாக்கியில கத்தற மாதிரி. குழந்தை பயந்து போய் உன் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா. அன்னைக்கு ராத்திரி பூரா என்கிட்ட வரல."

"அதனால?"

"அடுத்த தடவை ஒரு நாள் முன்னாடி இறங்கி உக்காந்துக்கிட்டேன். டிவியில பேசறவங்க சத்தம் காதுக்குப் பழகும். என்ன சொல்லணும்னு சொல்லிப் பார்த்துக்குவேன். மொத வார்த்தை ஒழுங்கா வந்துட்டா அப்புறம் சமாளிச்சுக்கலாம். அங்கே நான் பேசறதே இல்லைம்மா. வாயே துருப்பிடிச்ச மாதிரி ஆயிடுது."

அவர் என்னை 'அம்மா' போட்டுப் பேசியது எப்போது கடைசியாக?

அப்புறம் நான் கேட்ட கேள்வி இதுதான். கேட்டிருக்கக் கூடாது. "இளைச்சுட்டேன்னு சொன்னது?"

"அது நல்லா வந்துச்சு. அதான் வருஷா வருஷம் அதையே சொல்றேன்."

வருஷா வருஷமா? ஒரு தடவைகூட நான் கவனித்ததில்லையே.

குட்டி பயந்து ஒளிந்ததாகச் சொல்கிறாரே, எனக்கு அப்படி ஒன்று நடந்ததாகவே ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவளுக்கும் இருக்காது. நாங்கள் ரெண்டு பேரும் மறந்துவிட்ட ஒன்றுக்காக இவர் எத்தனை வருஷமாக லாட்ஜில் கிடக்கிறார்.

ஏப்ரல் 1, புதன்

கோபமாக இருக்கிறது. என்னிடம் வர ஒத்திகை வேண்டுமா? நான் என்ன மேடையா?

சாயங்காலம் கோபம் இல்லை. இவர் வரும் வாரம் நான் தலைக்குச் சாயம் அடிக்கிறேன், பழைய தலையணை உறையை ஒளித்து வைக்கிறேன், அப்பா முன்னால் அதைப் பேசாதே இதைப் பேசாதே என்று மகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை பூராவும் துடைப்பமும் கையுமாகத்தான் நானும் இருக்கிறேன். அதற்கு என்ன பெயர்?

இப்போது மறுபடி கோபமாக இருக்கிறது.

ஏப்ரல் 7, செவ்வாய்

இவர் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் முன்பே சொல்லிப் பார்த்ததா, இப்போது வந்ததா என்று காது தானாகவே பார்க்கிறது. "உப்பு கொஞ்சம் கம்மி" — இது இப்போது வந்ததுதான். சந்தோஷமாக உப்பு எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 18, சனி

கிளம்பிவிட்டார். ஏர்போர்ட்டில் வண்டியிலிருந்து இறங்கினால் எதிரே அந்தத் தெரு. ரெண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "அடுத்த தடவை…" என்று ஆரம்பித்தார். மகள் வந்துவிட்டாள். நிறுத்திக்கொண்டார்.

செப்டம்பர் 13, ஞாயிறு

அங்கே இனி கிரேனில் ஆள் ஏற வேண்டாமாம். கீழே ஏசி அறையில் திரையைப் பார்த்தபடியே ஓட்டிவிடுவார்களாம். அதற்குச் சின்ன வயசுப் பிள்ளைகள் போதுமாம். டிசம்பரில் மொத்தமாக அனுப்பிவிடுகிறார்கள்.

"மொத்தமாவா?" என்று கேட்டேன்.

"மொத்தமா."

சந்தோஷம்தான். யார் கேட்டாலும் சந்தோஷம் என்றுதான் சொல்கிறேன். நாத்தனார் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஆனால் ஒரு மாத லீவுக்கே ஒரு நாள் தேவைப்பட்டவருக்கு, மிச்ச ஆயுள் முழுக்க எங்களோடு இருக்க எத்தனை நாள் தேவைப்படும்? அவரை விடு. எனக்கு? வருஷத்தில் பதினோரு மாதம் இந்த வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம்.

டிசம்பர் 6, ஞாயிறு

போனில் அவரே சொன்னார். "வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு இறங்கறேன்."

வெள்ளிக்கிழமை என்ற சொல்லை அவர் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை.

"இறங்கி?"

"தெரியல."

"நான் ஏர்போர்ட்டுக்கு வரட்டுமா?"

கடல் காற்று. "சரி, வரலை. உங்களுக்கு எப்போ தோணுதோ அப்போ வாங்க" என்றேன். போனை வைத்தபிறகு, நான் பெருந்தன்மையாகச் சொன்னேனா, கோபத்தில் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

டிசம்பர் 11, வெள்ளி

இதை லாட்ஜ் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாலு மணிக்கு லேபுக்கே போன் செய்தார். "ரூமுக்கு வந்துட்டேன்."

"சரி" என்றேன். அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. எதிரே மேசையில் யாருடைய கீழ்த்தாடை அச்சோ காய்ந்துகொண்டிருந்தது.

"ரிமோட்ல பேட்டரி இல்ல" என்றார்.

"கீழ இருக்கறவரைக் கேளுங்க."

"கேக்கணும்."

பிறகு, "நீ வர்றியா?" என்றார். இது சொல்லிப் பார்த்த வார்த்தை இல்லை.

மகளுக்குப் போன் செய்து, லேபில் அவசர வேலை, வீட்டுக்கு வர முடியாது, அத்தை வீட்டில் படுத்துக்கொள் என்றேன்.

"அப்பா?" என்றாள்.

"நாளைக்கு மத்தியானம். ரெண்டு நாள் பயணமாச்சே."

எவ்வளவு சரளமாக வந்தது.

பேட்டரி வாங்கிக்கொண்டு படியேறினேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். இளைத்துவிட்டாய் என்று சொல்லவில்லை. பேட்டரியை வாங்கி மேசைமேல் வைத்தார். டிவியைப் போடவில்லை. ரெண்டு கட்டில், நடுவில் ஒரு முக்காலி. வாசலில் வைத்துவிட்டுப் போன டீயை உள்ளே எடுத்து ஆளுக்குப் பாதியாகக் குடித்தோம். ஒரு மணி நேரம் பேசாமலே இருந்திருப்போம். எனக்கு முதலில் மூச்சு முட்டியது, அப்புறம் இல்லை.

நான்தான் ஆரம்பித்தேன். "நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணாப் போய் நின்னா குட்டி கேப்பாளே. என்ன சொல்றது?"

யோசித்தார். "என்ன சொல்லலாம்னு சொல்லிப் பாரு."

"லேப்ல இருந்து நேரா ஏர்போர்ட்டுக்குப் போய்… அப்பாவைக் கூட்டிட்டு வந்தேன்."

தலையை ஆட்டினார். "நடுவுல தயங்கறே. அவ கண்டுபிடிச்சுடுவா. மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னேன்.